லேபர் எவ்வளவு?



தீபாவளி மலர் உங்கள் கைக்கு வந்துவிட்டது. எழுதியவர்கள், வரைந்தவர்கள், இரவெல்லாம் கண்விழித்துப் பிழை திருத்தியவர்கள், எல்லோருடைய பெயரும் உள்ளே அச்சாகியிருக்கிறது. பெயர் அச்சாகாத ஒருவருக்கு இந்தப் பக்கத்தைக் கொடுக்க விரும்புகிறேன். எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவில் தகரக் கொட்டகை போட்டு கார் ஷெட் நடத்தும் மெக்கானிக் அவர். அந்த வட்டாரத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'பாய்'. மலர் வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வாரத்தில் என் கார் படுத்துவிட்டது. அதை எழுப்பி ஓடவைத்தவர் அவர்தான்.

இதழ் முடிக்கும் வாரத்தில் எங்களுக்குக் கார் சொகுசுப் பொருள் இல்லை. பகலில் ஓவியர்கள் வீட்டுக்குப் போய் மூலப் படங்களை மடங்காமல், நனையாமல் வாங்கி வர வேண்டும். எண்பது வயதைக் கடந்த எழுத்தாளரைப் புகைப்படத்துக்கு அழைத்து வந்து, பேட்டி முடிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கடைசிப் பக்கம் அச்சகத்துக்குப் போகும்போது இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிடும். வடிவமைப்பிலும் பிழை திருத்தத்திலும் இருக்கும் பெண்களில் ஒருவர் குரோம்பேட்டை, இன்னொருவர் பெரம்பூர். அவர்களை வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே கதவு திறந்ததைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பது எங்கள் வழக்கம். அந்த ஒரு வேலைக்காகவாவது வண்டி நன்றாக இருக்க வேண்டும்.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகள் வைத்துக் குறுகிப்போன ஆற்காடு சாலையில், வடபழனிக்குச் சற்று முன்னால், டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. வழக்கமாகப் பாதியில் நிற்கிற முள் அது. பின் இருக்கையில் மூத்த ஓவியர் ஒருவர், மடியில் மலரின் அட்டைப்படத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏ.சி.யிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நெரிசல் விலகி வண்டி கொஞ்சம் ஓடியதும் முள் இறங்கியது. அடுத்த சிக்னலில் மறுபடி ஏறியது. இந்த முறை சிவப்புக் கோட்டைத் தொடப் போனது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது கையையும் முகத்தையும் காப்பாற்றுகிற விஷயம். வண்டி சூடேறி நின்றவுடன் அக்கறையுள்ள நாலு பேர் வந்து "ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி ஊத்துங்க" என்பார்கள். திறக்கவே கூடாது. மூடியிருக்கும் ரேடியேட்டருக்குள் நீர் அழுத்தத்தில் இருக்கிறது. அந்த அழுத்தம்தான் நூறு டிகிரியைத் தாண்டினாலும் நீரைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மூடி கழன்ற நொடியில் அழுத்தம் விட்டுப்போய், உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகச் சீறி வெளியே வரும். பாயின் இடது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி இழுத்த ஒரு தழும்பு இருக்கிறது. தொழில் கற்றுக்கொள்ள வந்த வயதில் அப்படித் திறந்ததால் வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, மூடியின் மேல் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. திடீரென்று குளிர்ந்தால் உலோகம் விரிசல் விடும்.

ஓவியரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஹீட் ஆகுதுன்னா ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் மாத்த வேண்டியிருக்கும் மேடம்" என்று ஒரு தொகையைச் சொன்னார். கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. பண்டிகை நெரிசல், தீபாவளி கழிந்த பிறகுதான் வண்டியை உள்ளே எடுப்போம் என்றும் சொன்னார். தொகையைவிட எனக்கு உறுத்தியது வேறு. எப்போது சூடாகிறது, எப்படிச் சூடாகிறது என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அடுத்த அழைப்பு பாய்க்கு. அவர் கேள்விகளோடுதான் ஆரம்பித்தார்.

"ஓடும்போது ஏறுதா, நிக்கும்போது ஏறுதாம்மா?"

"நிக்கும்போது."

"சிக்னல்ல நின்னப்ப ஏசி காத்து சூடா வந்துச்சா?"

"வந்தது பாய்."

"வண்டி ஓடினதும் திரும்ப ஜில்லுனு ஆச்சா?"

"ஆமா."

"அப்ப ரேடியேட்டர் மேல பழி போடாதீங்க. ஃபேன் சுத்தல. ஆற விட்டு, தண்ணி இருக்கான்னு மட்டும் பாருங்க. ஏசிய ஆஃப் பண்ணிட்டு, ஹீட்டர ஃபுல்லா வெச்சுக்கிட்டு, கண்ணாடிய எறக்கி விட்டு மெதுவா வாங்க. முள்ளு முக்கால் தாண்டிச்சுன்னா நிறுத்திடுங்க. நான் ஆள அனுப்புறேன்."

சென்னையில் ஹீட்டர் போடச் சொல்கிறாரே என்று யாருக்கும் தோன்றும். அதன் பின்னால் உள்ள காரியம் எளிமையானது. எஞ்சினின் சூட்டை ஏந்திவரும் அதே நீர்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டருக்குள்ளும் ஓடுகிறது. ஹீட்டரை முழுதாகத் திறந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்து ஜன்னல் வழியாக வெளியேறிவிடும். முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு உதவியாக இன்னொரு சின்ன ரேடியேட்டர் கிடைத்த மாதிரி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். முள் முக்காலைத் தாண்டவில்லை. ஷெட் வந்து சேர்ந்தேன்.

அவர் கேட்ட கேள்விகளின் அருமை பிறகுதான் முழுதாகப் புரிந்தது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஃபேனுக்கு வேலையே இல்லை. நின்றால்தான் ஃபேன் சுற்றியாக வேண்டும். ஆக, நெடுஞ்சாலையில் சூடேறினால் சந்தேகம் கூலன்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துப்போன ரேடியேட்டர் என்று போகும். சிக்னலில் மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன்மேல். ஏ.சி.யின் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னாலேயே இருப்பதால், ஃபேன் நின்றால் ஏ.சி.யும் சேர்ந்து சோர்ந்துவிடும். பானட்டைத் திறக்காமல், வண்டியைப் பார்க்காமல், மூன்று கேள்விகளில் அவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

ஷெட்டில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆயுத பூஜைக்குப் பையன்கள் ஜாக்கிக்கு வைத்த சந்தனப் பொட்டு, கிரீஸ் கறையையும் மீறி இன்னும் தெரிந்தது. பாய் முதலில் கையில் எடுத்தது ஸ்பேனரை அல்ல, டெஸ்ட் லாம்பை. ஒரு சின்ன பல்பும் இரண்டு வயரும்தான் அந்தக் கருவி. ஃபேனுக்குப் போகும் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சூடேற விட்டு, ஃபேன் ஓட வேண்டிய நேரம் வந்ததும் வயரின் முனையை உள்ளே வைத்தார். பல்பு எரிந்தது. "கரண்ட் வருது. ஃப்யூஸ், ரிலே, சென்சார், எதுமேலயும் தப்பில்ல" என்றார். பிளக்கைத் திரும்ப மாட்டினார். ஃபேன் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, மோட்டாரின் முதுகில் கைப்பிடியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். ஃபேன் உர்ரென்று சுற்றியது. கொஞ்ச நேரத்தில் இழுத்து இழுத்து நின்றது.

"கார்பன் தேஞ்சிடுச்சும்மா."

மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை இரண்டு சின்னக் கரித்துண்டுகள். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். ஆண்டுக்கணக்கில் உரசி உரசித் தேய்ந்து, ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்குக்கே எட்டாமல் போய்விடும். தட்டினால் அதிர்வில் ஒரு கணம் தொடும், அதனால்தான் சுற்றியது. விரல் நகம் அளவுகூட இல்லாத அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாலும் இது தேய்ந்தபடியேதான் இருந்திருக்கும். வண்டி அடுத்த சிக்னலில் மறுபடி நின்றிருக்கும்.

அதோடு அவர் விடவில்லை. இவ்வளவு சூடேறிய வண்டியில், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து, அடிப்பக்கத்தில் விரலால் தடவினார். கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தால் அங்கே பாலாடை மாதிரி வெளுத்துப் படிந்திருக்கும். சுத்தமாக இருந்தது. சைலன்சரிலிருந்து வெண்புகை வருகிறதா என்று குனிந்து பார்த்தார். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று நின்று பார்த்தார். கேஸ்கெட் போயிருந்தால் ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமன்செய்து வாங்க வேண்டும்; வாரக்கணக்கில் வண்டி கிடையாது.

புது மோட்டார் உடனே கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பழையது கிடைக்குமே என்று உடன் இருந்த ஒருவர் சொன்னார். எழும்பூருக்குப் பக்கத்தில், கூவம் கரையை ஒட்டிய அந்தத் தெருக்களைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். பிரித்துப்போட்ட வண்டிகளின் கதவு, பம்பர், ஹெட்லைட், எஞ்சின் என்று கடைக்குக் கடை அடுக்கியிருக்கும். கம்பெனி கைவிட்ட மாடலுக்கு ஒரு கதவுக் கைப்பிடி வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். அந்த வகையில் அது இந்த நகரத்துக்குப் பெரிய உபகாரம். ஆனால் பாய் தலையாட்டி மறுத்தார். "கதவு, கண்ணாடின்னா செகண்ட்ஸ் வாங்கலாம். ஃபேன் மோட்டார் எவ்ளோ ஓடிச்சுன்னு யாருக்குத் தெரியும்? ராத்திரில பொம்பளப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற வண்டி." இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மோட்டாரைக் கொடுத்து, பிரித்து, புதுக் கார்பன் வைத்து, சால்டர் செய்து, புஷ்ஷுக்கு கிரீஸ் வைத்து வாங்கிவரச் செய்தார். மாட்டி முடித்த பிறகும் சாவி தரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். "இது தாங்கும். ஆனா தீபாவளி முடிஞ்சதும் புது மோட்டார் போட்டுடணும். அதுவரைக்கும் ஊர்ப்பக்கம் எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார். தான் செய்த வேலையின் ஆயுளை இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறவர்கள் எந்தத் தொழிலிலும் அதிகம் இல்லை.

அன்று இரவு குரோம்பேட்டைக்கும் பெரம்பூருக்கும் வண்டி வழக்கம்போலப் போய்வந்தது.

நான் இந்தப் பக்கத்தை எழுதக் காரணமாக இருந்தது பணம் கொடுக்கும்போது நடந்த ஒன்று. எனக்கு முன்னால் ஒருவர் தன் காரை எடுக்க வந்திருந்தார். பில்லில் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் விலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் "லேபர் எவ்வளவு?" என்று கேட்டார். பாய் சொன்னார். "அரை மணி நேர வேலைக்கு ஐநூறு ரூபாயா? முந்நூறு வெச்சுக்குங்க பாய்" என்று நோட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். பாய் ஒன்றும் பேசவில்லை. பழகிப்போனவர் முகமாக இருந்தது.

நாம் எல்லோரும் பார்த்திருக்கிற காட்சிதான் இது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலைக்கு நாம் வாய் திறப்பதில்லை. ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அச்சிட்ட பில்லில் லேபர் என்று ஒரு தொகையும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டால் அட்டையை நீட்டிக் கட்டிவிட்டு வருகிறோம். தகரக் கொட்டகையில், கறை படிந்த கைக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். பேரத்தில் நாம் குறைக்கிற அந்த இருநூறு ரூபாய் எதற்கான விலை? பொருள் கடையில் யாருக்கும் கிடைக்கும். எந்தப் பொருளை மாற்ற வேண்டும், அதைவிட முக்கியமாக எதை மாற்ற வேண்டாம் என்று அறிகிற அறிவுக்கு அட்டைப்பெட்டியும் கிடையாது, அச்சிட்ட விலையும் கிடையாது. அதன் ஒரே விலை லேபர்தான். அதிலிருந்துதான் ஷெட்டுக்கு வாடகை, இரண்டு பையன்களுக்குச் சம்பளம், கரண்ட் பில், இப்போது புது வண்டிகளுக்குத் தேவைப்படும் ஸ்கேனருக்கான தவணை எல்லாம் போக வேண்டும்.

லேபரைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் காசு இல்லை, பார்ட்ஸ் மாற்றினால்தான் கமிஷன் என்ற நிலை வந்தால், யார்தான் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு பொறுமையாக உட்காருவார்கள்? ரேடியேட்டரை மாற்று, பம்பை மாற்று என்பதுதான் சுலபம். நாம் மிச்சம் பிடிக்கிற இருநூறு, அங்கே பல மடங்காக நம்மிடமிருந்தே போகும். எல்லா ஷெட்டும் நேர்மையானது என்று நான் சொல்லவில்லை. டூப்ளிகேட் பார்ட்ஸை ஒரிஜினல் விலைக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. வண்டியோடு தனியாக வரும் பெண் என்றால் இல்லாத கோளாறைச் சொல்கிறவர்களும் உண்டு, நானும் சந்தித்திருக்கிறேன். அதற்கு ஒரு நல்ல வழி, மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் கொடுக்கச் சொல்வது. ஏன் போனது என்று கேட்பது. நல்ல மெக்கானிக் இதைக் கேட்டதும் மகிழ்ந்து காட்டுவார், சங்கடப்பட மாட்டார்.

பெரிய சர்வீஸ் சென்டர்களை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாரண்டியில் உள்ள வண்டி, ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் போன்றவை அங்கே போவதுதான் சரி. ஆனால் தெருமுனை ஷெட்டுக்கும் தொழில் செய்யத் தேவையான தகவலும் பொருளும் கிடைக்க வேண்டும். நாட்டின் போட்டி ஆணையமே இதைச் சொல்லியிருக்கிறது. ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி செய்ததாக, 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது வேறு விஷயம். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையத் தளமும் தொடங்கியது. அதில் உள்ள நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. பாயிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வயரிங் டயகிராம் கிடைக்குமாம்மா?" நியாயமான கேள்வி. கம்பெனிகள் அதற்கு மனதாரப் பதில் சொல்ல வேண்டும்.

சென்னையை மோட்டார் நகரம் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைக்குக் காரணம் இருக்கிறது. 1903-லேயே சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் இங்கே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிச் சேர்த்தது; பிறகு அதுவே அசோக் லேலண்ட் ஆனது. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் உருவானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. ஆனால் தொழிற்சாலைகள் மூடப்படவும் செய்கின்றன. ஸ்டாண்டர்ட் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றன. மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. செய்தவர்கள் நிறுத்திய பிறகும் அந்த வண்டிகளில் எத்தனையோ இன்றும் சாலையில் ஓடுகின்றன. ஓட்டிக்கொண்டிருப்பது யார்? புதுப்பேட்டைக் கடைகளும் ஜி.பி. ரோடு கடைகளும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஷெட்டுகளும்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகள் நின்றுவிடாமல் இருக்க டி.வி. சுந்தரம் ஐயங்கார் எரிவாயுக் கலன்களை வடிவமைத்துத் தயாரித்தார். இருப்பதை வைத்து வண்டியை ஓடவைக்கும் அந்த மனம் இந்த மண்ணின் பழைய சொத்து. மேடைப் பேச்சில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

பாய்க்கு இப்போதைய கவலை, கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை என்பது. அவர் காலத்தில் பள்ளியை விட்ட சிறுவர்கள் ஷெட்டில் வந்து சேர்ந்து, அடி வாங்கி, டீ வாங்கி வந்து, பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். அந்த முறை போனது நல்லதே. பதினான்கு வயதுக்குள் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாக முறையான வழி வலுவாக இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து நவீனப்படுத்தி, மின்சார வாகனப் பயிற்சியையும் கொண்டுவந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. மின்சாரக் கார் வந்தாலும் அதன் பேட்டரியையும் குளிர்விக்க வேண்டும்; அங்கேயும் நீர் ஓடும், ஃபேன் சுற்றும், ஒருநாள் ஏதாவது ஒன்று நிற்கும். படித்து வரும் பிள்ளைகள் சில மாதமாவது பாய் போன்றவர்களிடம் பக்கத்தில் நின்று பழக ஏற்பாடு செய்தால், அவருடைய மூன்று கேள்விகள் அவரோடு போய்விடாது. அரசு இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "மெக்கானிக்குக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்கம்மா" என்று ஷெட்டுப் பையன் ஒருவன் சொன்னது மனதை வருத்தியது. அந்த மதிப்பை மாற்றுவது அரசு வேலை இல்லை, நம்முடையது.

வடகிழக்குப் பருவமழை வந்துகொண்டிருக்கிறது என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் கார்கள் மூழ்கியதைப் பார்த்தோம். அதன் பிறகு வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்தாலே காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். தண்ணீர் ஏறிய வண்டியை, வடிந்த பிறகும், ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் ஒரு முறை சாவியைத் திருப்பினாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிப் போன எஞ்சினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸில் பணம் கிடைப்பது கடினம். எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். தள்ளியோ கயிறு கட்டியோ ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பொங்கல் இதழில் தெருமுனைத் தொழிலாளர்களுக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் ஊர் மெக்கானிக், டிங்கர், பஞ்சர் கடைக்காரர், லேத் பட்டறைக்காரர் யாராவது உங்களுக்கு ஒரு நெருக்கடியில் கைகொடுத்திருந்தால் எழுதி அனுப்புங்கள். என்ன கோளாறு, அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை விவரமாக எழுதுங்கள். எங்களுக்கு வேண்டியது அந்த விவரம்தான். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்த ஷெட்டுகளில் பாக்கி எழுதும் நோட்டு ஒன்று இருக்கும். "அடுத்த வாரம் தர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தவர்களின் பெயர்கள் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். பையன்களுக்குப் போனஸும் புதுத்துணியும் கொடுக்க வேண்டிய வாரம் இது. உங்கள் பெயர் அந்த நோட்டில் இருந்தால், லேபரில் ஒரு ரூபாயும் குறைக்காமல், தீபாவளிக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்